60 டாலர் ரப்பர் வலை: பிடிக்கறதுக்கு இல்ல, விடறதுக்குத்தான் வாங்கினேன்

போன டிசம்பர்ல ரப்பர் மெஷ் போட்ட ஒரு லேண்டிங் நெட்டும் (தூண்டில்ல மாட்டின மீன தண்ணில இருந்து தூக்கற கைவலை), கூடவே மீன் அளக்கற மேட் ஒன்னும் சேர்த்து ஆர்டர் பண்ணேன், நெட் 60 டாலர் கிட்ட, மேட் 20 டாலருக்குள்ள. ஆறேழு மாசம் நல்லா அடிச்சு யூஸ் பண்ணியாச்சு, அதனால இப்ப எழுதறேன், வாங்கின அன்னைக்கே அஞ்சு ஸ்டார் போடற பழக்கம் எனக்கு இல்ல. பிராண்ட் பேரு வேணாம், ஏன்னா ஒரே தொழிற்சாலைல செஞ்சு நாலு பேர்ல விக்கற மாதிரிதான் தெரியுது, கடைல போய் பாத்தா நீங்களே கண்டுபிடிச்சுருவீங்க.

முதல்ல நான் எப்படி மீன் பிடிக்கறவன்னு சொல்லிடறேன், இல்லன்னா இந்த ரிவ்யூ உங்களுக்கு ஒத்து வராது. சிட்னில இருக்கேன், என்கிட்ட போட் கிடையாது, ஜெட்டில நின்னோ கரைல நின்னோதான். பாதி நாள் வீட்டுக்குப் பக்கத்துல பரமட்டா ஆறு, நேரம் கிடைச்சா டிரெயின் ஏறி ஹாக்ஸ்பரி ரிவர் ஸ்டேஷன்ல இறங்கி புரூக்ளின். மாட்டறது பெரும்பாலும் யெல்லோஃபின் பிரீம்தான், வெள்ளி உடம்பு, அடித்துடுப்பு மட்டும் மஞ்சளா இருக்குமே அது. பழைய ஜெட்டி தூணுங்கள சுத்தி சிப்பி பொறுக்கித் தின்னுக்கிட்டே திரியும், இரைய ரெண்டு தட்டு தட்டிப் பாத்துட்டு விட்டுட்டுப் போற அளவுக்கு உஷாரான மீன்.

பழைய நெட் பச்சை நைலான், முடிச்சு முடிச்சா இருக்கும், 15 டாலர். அத மாத்தணும்னு தோணினது ஒரே ஒரு மீனால. பரமட்டா ஆத்தோரம் கபரீட்டால ஒரு சாயங்காலம் பையன் தூண்டில்ல ஒன்னு மாட்டுச்சு, பாத்தாலே தெரியுது 22 சென்டிமீட்டருக்கு மேல இருக்காது, சரி வலைல தூக்கி அளந்துட்டு விடலாம்னு தூக்கினேன், அங்கதான் ஆரம்பிச்சது. பிரீமுக்கு முதுகுல வரிசையா முள்ளு நிக்கும் தெரியும்ல, அது வலைக் கண்ணுக்குள்ள போய் பூட்டிக்கிச்சு, மீன் ஒரு சுத்து சுத்துச்சு, தூண்டில் முள்ளு வேற வலைல குத்திக்கிச்சு, இந்தப் பக்கம் எடுத்தா அந்தப் பக்கம் இறுகுது, கடைசில கத்தரிக்கோல் வெச்சு வலையையே வெட்டி எடுத்தேன். மூணு நாலு நிமிஷம் இருக்கும். வலை முழுக்க செதில், ஜிகினா ஒட்டின மாதிரி. தண்ணில விட்டா சாஞ்சுக்கிட்டே மிதக்குது, கொஞ்சம் உள்ள போகுது, திரும்ப மேல வருது, கடைசில தூணுக்குப் பின்னாடி மல்லாந்து கிடந்துச்சு. பையன் கேட்டான், "சின்னதா இருந்தா உயிரோட விடணும்னுதானப்பா ரூலு, நாம விட்டதுதான, அப்புறம் ஏன் செத்துச்சு?" எட்டு வயசுப் பையனுக்கு அதுக்கு என்ன பதில் சொல்றது. அன்னைக்கு ராத்திரியே நெட் தேட ஆரம்பிச்சேன்.

வந்த டப்பாவப் பாத்துட்டு வீட்டம்மா சொன்னது, "இந்தக் காசுக்கு மீனே வாங்கியிருக்கலாமே." நியாயமான கேள்விதான், பதில் என்கிட்ட இல்ல.

இப்ப நெட். ரப்பர் மெஷ்னா கைல தொட்டா சைக்கிள் டியூப் மாதிரி மெத்துன்னு இருக்கு, கண்ணு பெருசு பெருசா, முடிச்சே கிடையாது. மீன் உள்ள விழுந்ததும் நைலான்ல மாதிரி முறுக்கிக்கிட்டு உருளல, வாழை இலைல வெச்ச மாதிரி சும்மா படுத்துக்குது, இத முதல் தடவ பாத்தப்ப எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. தூண்டில் முள்ளு ரப்பர்ல குத்தினாலும் ஒரு இழுப்புல வந்துருது, சின்ன ட்ரெபிள் ஹூக் (மூணு முனை முள்ளு) வெச்ச லூர், அதான் பொய் இரை, போட்டு பிடிச்சப்பகூட சிக்கல. நான் பெரும்பாலும் வலைய தண்ணிலயே பாதி முக்கி வெச்சுக்கிட்டு, மீன் தண்ணிக்குள்ளயே இருக்கறப்ப குறடால முள்ளக் கழட்டி, வலைய அப்படியே கவுத்து விட்டுடறேன், கையே படறதில்ல. மீன் உடம்பு மேல வழவழன்னு ஒன்னு இருக்கே, அது அழுக்கு இல்ல, அதோட கவசம் அது, காஞ்ச கை, காஞ்ச துணி, வெயில்ல சுட்ட ஜெட்டி பலகை எது பட்டாலும் அது உரிஞ்சு வரும், அப்புறம் அந்த இடத்துல புண்ணு வந்து பூஞ்சை பிடிக்கும். நைலான் முடிச்சு வலை செய்யறதும் அதேதான், செதிலும் போகும் வாலும் கிழியும். ரப்பர்ல ஆறு மாசத்துல செதில் ஒட்டினத நான் விரல் விட்டு எண்ணிடலாம். இன்னொன்னு, நாத்தம் கிடையாது. பழைய நெட்ட கார்ல வெச்சா ரெண்டு நாளைக்கு கார்ல மீன் மார்க்கெட் வாசனைதான்.

குறையும் இருக்கு, இல்லாம இல்ல. வெயிட். தண்ணில நனைஞ்சதும் ஒரு கைல ராடும் ஒரு கைல நெட்டும்னா முழங்கை கேள்வி கேக்கும், அதுவும் தண்ணி இழுப்பு இருக்கறப்ப ரப்பர் வலை பாய்மரம் மாதிரி இழுத்துட்டுப் போகுது, நைலான்னா தண்ணிய சட்டுன்னு கிழிச்சுக்கிட்டு போகும், இத மெதுவா முன்னாடியே எறக்கி வெச்சுட்டு மீன அது மேல கொண்டு வரணும். பழகறதுக்குள்ள ஒரு நல்ல மீன வலை விளிம்புல இடிச்சு விட்டுட்டேன், முப்பத்தஞ்சு இருக்கும், சரி நாப்பதுன்னே வெச்சுக்கோங்க, தப்பிச்ச மீன்தான. கைப்பிடி நீட்டினா ஒன்னரை மீட்டர் வருது, லோ டைடுல உயரமான ஜெட்டில நின்னா பத்தாது, படுத்துக்கிட்டு கைய நீட்டணும். அப்புறம் அந்த நீட்டி மடக்கற பட்டன், மூணாவது மாசமே உப்பு ஏறி இறுகிப் போச்சு, அதுல தப்பு என் மேலயும் இருக்கு, வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணில கழுவணும்னு டப்பாலயே போட்டிருந்தான், நான் செய்யல. ஸ்ப்ரே அடிச்சு சுத்தியலால ரெண்டு தட்டினதும் விட்டுச்சு, ஆனா முன்ன மாதிரி இல்ல.

மேட் கதை தனி. நியூ சவுத் வேல்ஸ்ல பிரீம் 25 சென்டிமீட்டர் இருந்தாத்தான் வெச்சுக்கலாம், மூக்கு நுனில இருந்து வால் நுனி வரைக்கும், டார்வைன்னு அதே மாதிரி இன்னொரு மீன் இருக்கு, அதையும் சேத்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 10தான். பக்கத்து விக்டோரியால 28 சென்டிமீட்டர், லீவுக்கு அங்க போறவங்க அத மறக்காதீங்க. இந்த மேட்ட பத்தி எனக்கு ஆரம்பத்துல சந்தேகமே வரல, வெயில்ல கார் டிக்கில சுருட்டி சுருட்டி வெச்சிருந்தேன், ஒரு நாள் பையனோட ஸ்கூல் ஸ்டீல் ஸ்கேல சும்மா பக்கத்துல வெச்சுப் பாத்தா மேட்ல 25ன்னு இருக்கற இடம் ஸ்கேல்ல 24.7 காட்டுது! சுருங்கிப் போயிருக்கு. அதாவது மூணு மில்லிமீட்டர் குறைஞ்ச மீனையும் இது பாஸ் பண்ணி விட்டிருக்கும். ஃபிஷரீஸ் ஆபீசர் வந்து அவர் அளவுகோல வெச்சா நம்ம மேட் சொன்ன கதைய அவர் கேக்க மாட்டாரு. இப்ப ஸ்டீல் ஸ்கேல வெச்சு சரியான 25ல பெர்மனன்ட் மார்க்கர்ல தடியா ஒரு கோடு போட்டு வெச்சிருக்கேன், அதுக்கும் மேல அரை சென்டிமீட்டர் இருந்தாத்தான் எடுக்கறது. மேட்டுக்கு அஞ்சுக்கு ரெண்டு, அதுவும் நனைச்சு வெச்சா மீன் துள்ளாம சமத்தா கிடக்குதுங்கறதுக்காக. 20 டாலருக்கு கோடாவது ஒழுங்கா போட வேணாமா.

அந்த மூணு மில்லிமீட்டருக்கு ஏன் இவ்ளோ அலட்டல்னு கேக்கலாம். இந்த மீன் வளர்றது ரொம்ப மெதுவு. 25 சென்டிமீட்டர் பிரீம் பாக்க தட்டு சைஸ்தான், கால் கிலோவுக்கு கொஞ்சம் மேல, ஆனா அது ரெண்டு வருஷக் குஞ்சு இல்ல, அஞ்சு வயசு பக்கம் இருக்கும். இருபது வருஷத்துக்கு மேலயும் உயிரோட இருக்கற மீன் இது. ஒரு கிலோ பிரீம்னு பெருமையா போட்டோ எடுத்துக்கறோமே, அது என் பையன விட வயசுல மூத்ததா இருக்கும். இன்னொரு கூத்து, இதுல நிறைய மீன் ஆணா ஆரம்பிச்சு அப்புறம் பொண்ணா மாறும், அதனால பெருசு பெருசா பாத்து எடுத்துட்டு வந்தா முட்டை போடற தாய் மீனத்தான் நாம எடுக்கறோம். குளிர்காலத்துல ஆத்து முகத்துவாரத்துக்கு முட்டை போட எறங்கும், அப்ப மாட்டற பெருச நான் தொடறதே இல்ல. இது சட்டம் இல்ல, என் கணக்கு, 35க்கு மேல இருந்தா போட்டோ எடுத்துட்டு விட்டுடுவேன், சமைக்கவும் 28, 30 இருக்கறதுதான் ருசி.

போன மார்ச்ல மாமனார் ஊர்ல இருந்து வந்திருந்தாரு. அவருக்கும் ஒரு மாச லைசென்ஸ் 14 டாலருக்கு எடுத்தேன் (சுத்திப் பாக்க வந்தவங்களுக்கும் வேணும், 18 வயசுக்குக் கீழ இருந்தா வேணாம், நான் எடுக்கறது வருஷத்துக்கு 35 டாலர்), கூட்டிட்டுப் போனது பரமட்டா ஆத்துக்கு. மனுஷன் முதல் அரை மணி நேரத்துல 33 சென்டிமீட்டர்ல ஒன்னு தூக்கினாரு, தூக்கினப்ப முகத்துல இருந்த சிரிப்பு இருக்கே. நான் ரப்பர் வலைல வாங்கி, அளந்து, முள்ளக் கழட்டி, கவுத்து விட்டுட்டேன். அவரு ஒரு நிமிஷம் தண்ணியவே பாத்தாரு. "என்ன மாப்ள, அளவுதான் இருக்கே, அப்புறம் ஏன் விட்டீங்க?"ன்னாரு. "மாமா, இந்த ஆத்து மீன திங்கக் கூடாது மாமா"ன்னு அங்க இருந்த போர்ட காட்டினேன். "எல்லாரும் பிடிக்கறாங்களே?" "பிடிக்கலாம், திங்கத்தான் கூடாது." அவருக்கு அது கடைசி வரைக்கும் புரியல, பிடிச்சு விடறதுக்கு எதுக்கு மாப்ள காசு கட்டி லைசென்ஸுன்னு ஊருக்குப் போற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு.

விஷயம் என்னன்னா, சிட்னி ஹார்பர் பிரிட்ஜுக்கு மேற்கால (பரமட்டா ஆறு அந்தப் பக்கம்தான்) பிடிக்கற மீன், இறால், நண்டு எதையுமே சாப்பிட வேணாம்னு அரசாங்கமே சொல்லுது. பாலத்துக்கு கிழக்கால பிடிச்சதுன்னா பொதுவா மாசத்துக்கு 150 கிராம்தான், அதாவது மாசத்துக்கே ஒரு வேளை, ஒரு துண்டு. காரணம் டையாக்சின்ங்கற நச்சு. அந்த ஆத்துப் பக்கம் ரோட்ஸ்ங்கற இடத்துல, ஹோம்புஷ் பே கரைல, முன்னாடி பூச்சி மருந்து களைக்கொல்லி செஞ்ச ஃபேக்டரி யூனியன் கார்பைடோடது, ஆமா, போபால் பேரக் கேட்டாலே ஞாபகம் வர்ற அதே யூனியன் கார்பைட்தான், அந்தக் கழிவு சேத்துல கலந்து இன்னும் அடில உக்காந்திருக்கு. சேத்துல இருக்கற புழுவையும் சிப்பியையும் பிரீம் திங்குது, அது கொழுப்புல போய் சேருது, நீங்க எவ்ளோ மஞ்சத்தூள் போட்டு வறுத்தாலும் அது போகாது. 2006ல ஹார்பர்ல வியாபாரத்துக்கு மீன் பிடிக்கறதையே நிறுத்திட்டாங்க, பொழுதுபோக்குக்கு பிடிக்கறவங்களுக்குத்தான் தடை இல்ல. நம்ம ஆளுங்க நிறைய பேர் இருக்கறது மேற்கு பக்கம்தான, ஹோம்புஷ், ஸ்ட்ராத்ஃபீல்டுல இருந்து அந்தப் பக்கம், சாயங்காலம் வாக்கிங் போனா வாளில மீன போட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போறவங்கள இன்னும் பாக்கறேன். கர்ப்பமா இருக்கறவங்களுக்கும் குழந்தைங்களுக்கும் அத ஆக்கிப் போடாதீங்க, அவ்ளோதான் சொல்வேன்.

ஆக, நான் பிடிக்கறதுல பாதி, சட்டப்படி சரியா இருந்தாலும் விட்டே ஆகணும். மிச்சத்துல பாதி 25க்கு கீழ. அதனாலதான் 60 டாலர் எனக்கு வலிக்கல.

ஆனா நெட் எல்லாத்தையும் காப்பாத்தாது, இத ஒழுங்கா சொல்லிடணும். தூண்டில் முள்ள தொண்டைக்குள்ள விழுங்கின மீனுக்கு எந்த நெட்டா இருந்தா என்ன. இங்க நியூ சவுத் வேல்ஸ்ல யெல்லோஃபின் பிரீம வெச்சே ஆராய்ச்சி பண்ணிப் பாத்திருக்காங்க, உள்ள போன முள்ள நோண்டி இழுத்து எடுத்த மீன் பெரும்பாலும் செத்துப் போச்சு, லைன, அதான் தூண்டில் நூல, வாய் கிட்ட வெட்டி அப்படியே விட்டது பெரும்பாலும் பொழைச்சுக்கிச்சு, அதுல நிறைய மீன் முள்ள தானாவே பின்னாடி வெளிய தள்ளிடுச்சு. நான் ரொம்ப நாளா குறடு விட்டு கொடைஞ்சவன், இத படிச்ச அன்னைக்கு நிறுத்தினேன். ஒரு முள்ளு நாப்பது சென்ட் இருக்கும், அதுக்கு ஒரு மீனோட குடல உருவறோம். ஸ்டெயின்லெஸ் முள்ளு வேணாம், சாதா முள்ளு போதும். ராட ஸ்டாண்டுல வெச்சுட்டு போன் பாக்கற பழக்கம் இருந்தா சர்க்கிள் ஹூக் (வட்டமா வளைஞ்ச முள்ளு) போடுங்க, அது வாய் ஓரத்துல மாட்டும். லைன் தளர்ந்து கிடந்தாதான் விழுங்கும், கைல வெச்சிருந்தா விழுங்கறதுக்குள்ள தெரிஞ்சுரும்.

சரி, திங்கற கதைக்கு வருவோம். புரூக்ளின் போனா மூணு நாலு எடுத்துட்டு வருவேன், பத்து எல்லாம் எடுத்ததே இல்ல, எங்க வீட்டுக்கு மூணு போதும். எடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டா அத வாளித் தண்ணில துடிக்க விடக் கூடாது, உடனே தலைல கூர்மையா ஒரு குத்து, செவுள வெட்டி ரத்தத்த வடிய விட்டு, ஐஸும் ஆத்து உப்புத் தண்ணியும் கலந்த பொட்டில நேரா போடணும். வெறும் ஐஸ் மேல வெச்சா ஒரு பக்கம்தான் குளிரும், கலக்கி வெச்ச கஞ்சி மாதிரி இருந்தா மீன முழுசா பிடிச்சுக்கும், சதை கண்ணாடி மாதிரி நிக்கும். பிரீம் சேறடிக்குதுன்னு சொல்றவங்கள்ல முக்காவாசி பேரு மீன வெயில்ல வாளில வெச்சவங்கதான்னு என் சந்தேகம், மிச்ச கால்வாசிக்கு இடம் காரணம், மேல் ஆத்துல பாசி சேறுன்னு மேயறதுக்கும் கடல் பக்கம் இருக்கறதுக்கும் ருசி வேற வேறதான். ஜெட்டிலயே தலைய வெட்டி துண்டு போட்டுறாதீங்க, மீன் முழுசா இருந்தாத்தான் ஃபிஷரீஸ் ஆபீசருங்களால அளக்க முடியும், குடலும் செவுளும் மட்டும் எடுத்துக்கலாம். வீட்ல வயித்துக்குள்ள இருக்கற சவ்வையும் முதுகெலும்ப ஒட்டி ஓடற ரத்தக் கோட்டையும் பழைய டூத்பிரஷ் வெச்சு தேய்ச்சு எடுத்துருங்க. அப்புறம் ரெண்டு பக்கமும் கீறி, உப்பு மிளகாத்தூள் பூசி, தோலோட தோசைக்கல்லுல. குழம்புக்கு இது வேணாம், சதை மெல்லிசு, கரைஞ்சுரும், முள்ளு வேற பசங்களுக்கு ஆபத்து.

மாமனார கிளம்பறதுக்கு முந்தின வாரம் புரூக்ளின் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு கிடைச்சுது, ஒன்னு 29, இன்னொன்னு மார்க்கர் கோட்ட தொட்டும் தொடாம நிக்குது, நான் வால லேசா அழுத்திப் பாக்கறேன், அவரு தலைக்கு மேல இருந்து குனிஞ்சு பாக்கறாரு. "விடுங்க மாப்ள, அது பத்தாது"ன்னாரு. ஒன்ன நாலு பேரு பங்கு போட்டு தின்னோம், வால் பக்கம் யாருக்குன்னு பசங்களோட சண்டை.

ரேட்டிங்: நெட்டுக்கு அஞ்சுக்கு நாலு, அந்த பட்டனுக்காக ஒன்னு குறைச்சுட்டேன். போட்ல போறவங்க குட்டைக் கைப்பிடி வெச்சது வாங்குங்க, வெயிட்டும் குறையும். முழங்கை வலி உள்ளவங்க கடைல ஒரு தடவ நீட்டிப் பிடிச்சுப் பாத்துட்டு வாங்குங்க. மேட் மட்டும் ஆன்லைன்ல வாங்காதீங்க, கடைக்கு ஒரு ஸ்டீல் ஸ்கேல பாக்கெட்ல வெச்சுக்கிட்டுப் போங்க.